1972 டாட்சன் 240இசட் காரில் ஏசி போடுவது: கம்ப்ரசர் வாங்குவதற்கு முன்னால் பாதி வேலை முடிந்திருக்க வேண்டும்

ஹூஸ்டனில் ஜூலை மாதம் பிற்பகல் மூன்று மணிக்கு 240இசட் ஓட்டினால் எப்படி இருக்கும் என்று ஓட்டினவர்களுக்குத் தெரியும். வெளியே 37, 38 டிகிரி, முன்னால் ஆறு சிலிண்டர் எஞ்சின், முழங்காலை ஒட்டிக் கொதிக்கிற கியர்பாக்ஸ் டனல் (தரை நடுவில் கியர்பாக்ஸை மூடியிருக்கிற மேடு), தலைக்குப் பின்னால் சாய்ந்து படுத்திருக்கிற பெரிய கண்ணாடி வழியாக நேரே முதுகில் இறங்கும் வெயில். ஜன்னலை இறக்கினால் அனல், ஏற்றினால் புழுக்கம். மூன்று வருஷம் மே மாதக் கடைசியில் காரை மூடிவைத்து அக்டோபரில்தான் வெளியே எடுத்தேன். நாலாவது வருஷம் ஏசி போட்டேன், சரியாக வேலை செய்யவில்லை. அதற்கடுத்த வருஷம் பாதியைக் கழற்றி மறுபடி போட்டேன், இப்போது ஆகஸ்ட் மாதத்திலும் காரை எடுத்துக்கொண்டு போகிறேன். இரண்டாவது தடவை எந்த வரிசையில் செய்தேனோ அதே வரிசையில் இங்கே எழுதுகிறேன், ஏனென்றால் முதல் தடவை நான் பார்த்த நஷ்டமெல்லாம் வரிசை தப்பியதால் வந்தது.

இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: ஏசி என்பது காருக்குள் இருக்கிற சூட்டை அள்ளிக் கொண்டுபோய் முன்பக்கம் கண்டென்சரில் (சூட்டை வெளிக்காற்றில் விடுகிற, ரேடியேட்டர் மாதிரியான பாகம்) கொட்டுகிற வேலை. கொட்டுகிற இடத்தில் காற்று ஓடவில்லை என்றால் எவ்வளவு பெரிய கம்ப்ரசர் (கேஸை அழுத்திச் சுற்றவைக்கிற பம்ப்) போட்டாலும் பிரயோசனம் இல்லை. அள்ளுகிற வேகத்தைவிட வேகமாக டனலிலிருந்தும், எஞ்சினையும் கேபினையும் பிரிக்கிற ஃபயர்வாலிலிருந்தும் புதுச் சூடு உள்ளே வந்துகொண்டிருந்தாலும் அதே கதைதான். இதற்கெல்லாம் மேலே, 1972-இல் ஹெட்லைட், வைப்பர், ஹீட்டர் ஃபேன் மட்டும் கணக்குப் போட்டு இழுத்த ஒயரிங் இந்தப் புதுச் சுமையைத் தாங்கவும் வேண்டும்.

240இசட் அமெரிக்காவில் 1970 மாடலாக விற்பனைக்கு வந்தபோது ஏசி கம்பெனியிலிருந்து வரவில்லை, டீலர்கள்தான் தனியாகப் போட்டுக் கொடுத்தார்கள். உங்கள் காரில் அந்தப் பழைய டீலர் ஏசி இன்னும் இருந்தால் உள்ளே ஆர்-12 என்கிற பழைய குளிர்விக்கும் கேஸ் மிச்சம் இருக்கலாம். அமெரிக்காவில் அதன் உற்பத்தி 1995 கடைசியோடு நின்றுவிட்டது. தயவுசெய்து நட்டைத் தளர்த்திக் காற்றில் விட்டுவிடாதீர்கள், அது சட்டப்படி குற்றம், ஓசோனுக்கும் கேடு. சான்றிதழ் வைத்திருக்கிற ஏசி கடைக்குப் போனால் மெஷின் வைத்து உறிஞ்சி எடுத்துக்கொள்வார்கள். பழைய இரண்டு சிலிண்டர் யார்க் கம்ப்ரசர் இருந்தால் அதைத் திரும்பப் பயன்படுத்த ஆசைப்படாதீர்கள். அது எடை கூடியது, பிடித்திருக்கிற பிராக்கெட்டை உலுக்கி எடுத்துவிடும்.

சரி, முதல் வேலை அடைப்பு. சீட், கார்பெட் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு ஃபயர்வாலைப் பாருங்கள். ஒயர் போகிற ஓட்டை, கேபிள் போகிற ஓட்டை, ரப்பர் குரோமெட் காய்ந்து உதிர்ந்துபோன ஓட்டை என்று விரல் நுழைகிற அளவுக்கு ஏழெட்டு இருக்கும். ஒரு ஆளை எஞ்சின் பக்கம் டார்ச் அடிக்கச் சொல்லிவிட்டு உள்ளே இருட்டில் உட்கார்ந்து பார்த்தால் வெளிச்சம் வருகிற இடமெல்லாம் தெரியும், அத்தனையையும் அடையுங்கள். அப்புறம் தரை, டனல், ஃபயர்வால் மூன்றுக்கும் பியூட்டைல் ஷீட் (பிசுபிசுப்பான ரப்பர் தகடு) ஒட்டி, அதற்கு மேல் தண்ணீர் உறிஞ்சாத ஃபோம் ஒட்டுங்கள். பியூட்டைல் அதிர்வைத்தான் குறைக்கும், சூட்டைத் தடுப்பது ஃபோம், அதனால் ஒன்றை மட்டும் ஒட்டிவிட்டு நிறுத்திவிடாதீர்கள். டனலுக்குத்தான் அதிக கவனம் தேவை, கியர்பாக்ஸ் சூடும் எக்சாஸ்ட் சூடும் அந்த வழியாகத்தான் மேலே ஏறுகிறது. கீழேயிருந்து எக்சாஸ்ட் குழாய்க்கும் தரைக்கும் நடுவில் ஒரு ஹீட் ஷீல்டு கொடுத்தால் இன்னும் நல்லது.

அடைப்பு வேலையில் ஒரு பகுதி உயிர் சம்பந்தப்பட்டது. இந்த வகைக் காரில் எக்சாஸ்ட் புகை பின்பக்கமாகச் சுழன்று டிக்கி கதவு ரப்பர் வழியாகவும் டெயில் லைட் கேஸ்கெட் வழியாகவும் உள்ளே வருவது எல்லா 240இசட் காரருக்கும் தெரிந்த பழைய பிரச்சினை. ஜன்னல் திறந்து ஓட்டும்போது வாசனையாக மட்டும் தெரிந்தது, ஜன்னலை மூடி ஏசியில் அதே காற்றைச் சுற்றவிடும்போது கார்பன் மோனாக்சைடாக உள்ளே தங்கும், அதற்கு வாசனை கிடையாது. டிக்கி ரப்பர், டெயில் லைட் கேஸ்கெட், பின்பக்க ஒயர் குரோமெட் எல்லாவற்றையும் புதிதாக மாற்றுங்கள், எக்சாஸ்ட் இணைப்புகளில் கசிவு இருக்கிறதா பாருங்கள், பேட்டரியில் ஓடுகிற ஒரு சின்ன கார்பன் மோனாக்சைடு அலாரம் வாங்கிக் காருக்குள் வையுங்கள். என் காரில் டெயில் லைட் கேஸ்கெட் மாற்றும் முன் நெடுஞ்சாலையில் அது ஒரு தடவை கத்தியது. மாற்றிய பிறகு கத்தவில்லை.

அடுத்தது எஞ்சின் சூடு. ஏசி போடும் முன்பே ஒரு சோதனை செய்து பாருங்கள். நல்ல வெயிலில், கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு வந்து, பானெட்டை மூடி, இருபது நிமிஷம் ஐடிலில் விடுங்கள். முள் ஏறிக்கொண்டே போனால் உங்கள் கார் ஏசிக்குத் தயாராக இல்லை. கண்டென்சர் ரேடியேட்டருக்கு முன்னால் உட்காரப்போகிறது, அதாவது ஏற்கெனவே சூடாக்கப்பட்ட காற்றுதான் இனி ரேடியேட்டருக்குப் போகும். ரேடியேட்டரைக் கழற்றி உள்ளே அடைப்பு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள், தேவையானால் பெரிய அலுமினிய ரேடியேட்டர் போடுங்கள். ஃபேனைச் சுற்றி ஷ்ரவுட் (காற்றை ரேடியேட்டர் வழியாகவே இழுக்கவைக்கிற கூடு) இல்லை என்றால் கட்டாயம் வேண்டும், இல்லாவிட்டால் ஃபேன் பின்பக்கக் காற்றையே சுற்றிச் சுற்றி அடித்துக்கொண்டிருக்கும். நான் எஞ்சின் ஃபேனை எடுத்துவிட்டு ஷ்ரவுடோடு வரும் எலக்ட்ரிக் ஃபேனை ரேடியேட்டருக்குப் பின்னால், காற்றை இழுக்கிற மாதிரி வைத்தேன். முன்னால் வைத்துத் தள்ளுகிற ஃபேன் வேகமாகப் போகும்போது வழியை மறைக்கிறது. முதல் தடவை நான் செய்த தப்பு அதுதான்.

மின்சாரத்துக்கு வருவோம். கணக்கு எளிது. கம்ப்ரசர் கிளட்ச் (கம்ப்ரசரை பெல்ட்டோடு இணைக்கிற மின்காந்தம்) சுமார் 4 ஆம்பியர், உள்ளே காற்றடிக்கிற புளோயர் முழு வேகத்தில் 10 முதல் 15, ரேடியேட்டர் ஃபேன் ஓடும்போது 10 முதல் 20, கிளம்புகிற நொடியில் அதைவிட அதிகம். ஹெட்லைட், இக்னிஷன், வைப்பர் எல்லாம் தனி. இந்தக் காரோடு வந்த ஆல்டர்னேட்டர் சுமார் 50 ஆம்பியர்தான், ஐடிலில் அதில் பாதிகூட வராது. சுலபமான வழி, பிறகு வந்த 280இசட்எக்ஸ் காரின் 60 ஆம்பியர் ஆல்டர்னேட்டர், அப்படியே போல்ட் ஆகும், ரெகுலேட்டர் உள்ளேயே இருக்கிறது. ஆனால் பழைய தனி ரெகுலேட்டரின் கனெக்டரில் ஒயரை மாற்ற வேண்டும், அதைச் செய்யாமல் அப்படியே மாட்டினால் சார்ஜ் ஆகாது. நிறைய ட்ராஃபிக்கில் ஓட்டுவீர்கள் என்றால் இன்னும் பெரியதாகப் பாருங்கள், முக்கியமாக ஐடிலில் எவ்வளவு கொடுக்கிறது என்ற கணக்கைக் கேளுங்கள்.

இன்னொரு விஷயம், 240இசட் டேஷ்போர்டில் இருக்கிற ஆம்பியர் மீட்டர் வழியாகத்தான் மொத்த சார்ஜ் கரண்டும் போகிறது. ஐம்பது வருஷப் பழைய ஒயர், ஐம்பது வருஷப் பழைய கனெக்டர், இந்தக் காரின் ஃப்யூஸ் பாக்ஸ் வேறு பார்க்கிங் லைட் சுமைக்கே உருகிப்போவதற்குப் பேர்போனது. அதனால் ஏசிக்கு ஒரு ஒயர்கூடப் பழைய ஃப்யூஸ் பாக்ஸிலிருந்து எடுக்காதீர்கள். ஆல்டர்னேட்டர் அவுட்புட்டிலிருந்து தடிமனான தனி ஒயர் எடுத்து, எடுக்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு பெரிய ஃப்யூஸ் போட்டு, அங்கிருந்து புதிதாக ஒரு சின்ன ஃப்யூஸ் பாக்ஸ் வைத்து, புளோயருக்கு ஒரு ரிலே (சின்னக் கரண்டால் பெரிய கரண்டைப் போட்டு நிறுத்துகிற சுவிட்ச்), ஃபேனுக்கு ஒரு ரிலே, கிளட்சுக்கு ஒரு ரிலே என்று பிரித்துவிடுங்கள். சாவியிலிருந்து வருகிற பழைய ஒயர் ரிலேயின் காயிலை மட்டும் இழுக்கட்டும். எர்த் ஒயரையும் அதே தடிமனில் புதிதாகப் போடுங்கள், பாதிப் பேர் இதை மறந்துவிடுகிறார்கள்.

இப்போதுதான் கடைக்குப் போகலாம். சான் அன்டோனியோவில் இருக்கிற விண்டேஜ் ஏர் மாதிரி பழைய கார்களுக்கென்றே பொருள் செய்கிறவர்கள் இருக்கிறார்கள், உங்கள் மாடலுக்கு கிட் கிடைக்காவிட்டால் பொதுவான யூனிட்டைத் தனித்தனியாக வாங்கிச் சேர்க்கலாம். நான் சேர்த்தது அப்படித்தான், பொருளுக்கு மட்டும் 2,400 டாலருக்குக் கொஞ்சம் மேலே ஆனது. கம்ப்ரசரில் சாண்டன் 508 எல்லா இடத்திலும் கிடைக்கும், ஒரு சுற்றுக்கு 138 சிசி. சாண்டன் 7பி10 அதைவிடச் சின்னது, சுமார் 100 சிசி. இரண்டு பேர் உட்காருகிற சின்ன கேபினுக்கு, அடைப்பு வேலை ஒழுங்காகச் செய்திருந்தால், சின்னதே போதும் என்பது என் கருத்து. எஞ்சினிலிருந்து எடுக்கிற சக்தியும் குறைவு, இடமும் குறைவு. முதல் தடவை 508 போட்டேன், இப்போது 7பி10 ஓடுகிறது, எனக்குக் குளிரில் வித்தியாசம் தெரியவில்லை, ஐடில் மட்டும் நன்றாக அமைதியாகிவிட்டது.

பிராக்கெட் விஷயத்தில் அவசரம் கூடாது. கம்ப்ரசர் பிடித்திருப்பது எஞ்சினோடு, பாடியோடு அல்ல. மூன்று இடத்திலாவது பிடிப்பு வேண்டும், பெல்ட் இழுக்கிற பக்கம் வளையாத அளவுக்குத் தடிமனான இரும்பு வேண்டும். எஞ்சின் முன்னால் பெல்ட்டை ஓட்டுகிற கிராங்க் புல்லியில் கூடுதல் பள்ளம் உள்ள மாடல் தேவைப்படும், ஏசியோடு வந்த பிற்கால இசட் கார்களிலிருந்து கிடைக்கும். ஒரு நேரான இரும்புப் பட்டையை கிராங்க் புல்லி மேல் வைத்துக் கம்ப்ரசர் புல்லி அதே கோட்டில் வருகிறதா பாருங்கள், ஒன்றிரண்டு மில்லிமீட்டர் விலகினாலும் பெல்ட் கத்தும், தூள் கொட்டும். கம்ப்ரசரின் கேஸ் வாய்கள் மேல் நோக்கியோ பக்கவாட்டிலோ இருக்கலாம், கீழ் நோக்கி இருக்கக்கூடாது. புதுக் கம்ப்ரசரில் எண்ணெய் ஊற்றியே வரும், கூட வந்த தாளில் சொல்லாத எண்ணெயைக் கூடுதலாக ஊற்றாதீர்கள்.

கண்டென்சர் பேரலல் ஃப்ளோ வகையாக (கேஸ் பல தட்டைக் குழாய்களில் ஒரே நேரத்தில் ஓடுகிற வகை) வாங்குங்கள். ஆர்-12க்குப் பதிலாக வந்த ஆர்-134ஏ கேஸுக்குப் பழைய குழாய் வகை போதவே போதாது. கிரில்லுக்குப் பின்னால் எவ்வளவு பெரியது நுழையுமோ அவ்வளவு பெரியது. ரேடியேட்டருக்கும் அதற்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளி போதும், அந்த இடைவெளியின் நான்கு பக்கத்தையும் ஃபோம் வைத்து மூடிவிடுங்கள், அப்போதுதான் உள்ளே வருகிற காற்று இரண்டுக்கும் நடுவில் நழுவி ஓடாமல் இரண்டையும் கடந்து போகும். பத்து டாலர் ஃபோமுக்கு என் காரில் கிடைத்த பலன் வேறு எந்தப் பொருளுக்கும் கிடைக்கவில்லை.

உள்ளே எவாப்பரேட்டர் (காருக்குள் காற்றைக் குளிர்விக்கிற காயில்) யூனிட்டுக்கு இரண்டு வழி. டேஷ்போர்டுக்குக் கீழே தொங்குகிற பெட்டி, பழைய டீலர் ஏசி மாதிரி, போடுவது சுலபம், ஆனால் கால் இடிக்கும். இன்னொன்று, ஹீட்டர் பெட்டியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஹீட்டரும் ஏசியும் சேர்ந்த யூனிட் வைப்பது. நான் இரண்டாவதைச் செய்தேன். இதற்கு டேஷ்போர்டைக் கழற்ற வேண்டும், 240இசட் டேஷ்போர்டு வெடிப்பதற்குப் பெயர் வாங்கியது, குளிர்நாளில் தொடாதீர்கள், வெயிலில் கொஞ்சம் இளகிய பிறகு இரண்டு பேராகத் தூக்குங்கள். எடுத்த ஹீட்டர் பெட்டி, திருகு, கேபிள் எல்லாவற்றையும் பையில் போட்டுப் பெயர் எழுதி வையுங்கள். பாடியில் முடிந்தவரை புது ஓட்டை போடாமல் ஏற்கெனவே இருக்கிற ஓட்டைகளையே பயன்படுத்துங்கள். நாளைக்கு வேறு ஒருவர் இந்தக் காரைப் பழையபடி வைத்துக்கொள்ள விரும்பினால் அவருக்கு அந்த வழி திறந்திருக்க வேண்டும் என்பது எனக்கு முக்கியம்.

யூனிட்டிலிருந்து தண்ணீர் சொட்டும் குழாய் சரிவாகக் கீழே இறங்கி வெளியே போக வேண்டும், ஹூஸ்டன் ஈரப்பதத்தில் ஒரு மணி நேரத்தில் நிறைய வடியும், குழாய் மேடு ஏறினால் அத்தனையும் கார்பெட்டில். ஹீட்டர் ஹோஸில் முழுசாக மூடுகிற வால்வு ஒன்று போடுங்கள். பழைய வால்வு கொஞ்சம் கசிந்தாலும் கொதிநீர் ஹீட்டர் காயிலுக்குப் போய், ஏசி குளிர்விப்பதை அது பக்கத்திலேயே சூடாக்கிக்கொண்டிருக்கும். வெளிக்காற்று வருகிற வழியையும் மூடிவிடுங்கள்.

ஹோஸ் மூன்று அளவு. கம்ப்ரசரிலிருந்து கண்டென்சர் மேல் வாய்க்கு 8-ஆம் எண், கண்டென்சர் கீழ் வாயிலிருந்து ரிசீவர் டிரையர் (கேஸிலிருக்கிற ஈரத்தை உறிஞ்சும் டப்பா) வழியாக எவாப்பரேட்டருக்கு 6-ஆம் எண், எவாப்பரேட்டரிலிருந்து திரும்பக் கம்ப்ரசருக்கு 10-ஆம் எண். கேஸ் கசியாத பேரியர் ஹோஸ்தான் வாங்க வேண்டும். ஃபிட்டிங்கைத் தளர்வாக மாட்டி, ஹோஸை வெட்டி, எந்தத் திசையில் திரும்ப வேண்டும் என்று ஹோஸுக்கும் ஃபிட்டிங்குக்கும் குறுக்கே மார்க்கரால் கோடு போட்டு, அதற்குப் பிறகு கிரிம்ப் செய்யுங்கள் (ஃபிட்டிங்கை டூலால் அழுத்தி ஹோஸைப் பிடிக்கவையுங்கள்). முதல் தடவை ஒரு கடையில் கிரிம்ப் செய்து வாங்கிய ஹோஸ் இரண்டு மாதத்தில் கசிந்து கேஸ் முழுதும் போய்விட்டது. இரண்டாவது தடவை டூலை வாடகைக்கு எடுத்து நானே செய்தேன். ஓ-ரிங் ஒவ்வொன்றிலும் ஏசி எண்ணெய் தடவுங்கள், முறுக்கும்போது இரண்டு ஸ்பேனர் வையுங்கள், ஒன்று பிடிக்க, ஒன்று திருக. எக்சாஸ்ட் மேனிஃபோல்டு பக்கம் ஹோஸ் போகக்கூடாது, வேறு வழி இல்லையென்றால் சூடு தடுக்கிற உறை போடுங்கள்.

ரிசீவர் டிரையரைக் கடைசியில் மாட்டுங்கள். அதற்குள் இருக்கிற மணிகள் காற்றிலிருக்கிற ஈரத்தை உறிஞ்சும், மூடியைத் திறந்து ஒரு நாள் வைத்துவிட்டால் அது ஏற்கெனவே நிறைந்துபோயிருக்கும். நிமிர்ந்த நிலையில், கண்டென்சர் பக்கம் உள்வாய் இருக்கும்படி மாட்டி, அதில் பிரஷர் சுவிட்சைத் திருகுங்கள். கேஸ் கசிந்து பிரஷர் சுமார் 30 பிஎஸ்ஐக்குக் கீழே இறங்கினாலோ 400ஐத் தாண்டினாலோ அது கிளட்சை நிறுத்திவிடும். எவாப்பரேட்டர் உறையாமல் பார்க்கும் தெர்மோஸ்டாட், இந்த பிரஷர் சுவிட்ச், இரண்டும் கிளட்ச் ரிலேயின் வரிசையில் ஒன்றன்பின் ஒன்றாக இருக்க வேண்டும். எதையும் தாண்டி நேரே ஒயர் கொடுக்காதீர்கள்.

கேஸ் ஏற்றும் முன் கசிவுச் சோதனை உலர் நைட்ரஜனால். காற்றுக் கம்ப்ரசர் வேண்டாம், அதில் ஈரம் இருக்கிறது. ஆக்சிஜனை எந்தக் காரணத்துக்கும் பக்கத்தில் கொண்டுவராதீர்கள், எண்ணெயோடு சேர்ந்தால் வெடிக்கும். சோப்பு நீர் தெளித்து எல்லா இணைப்பையும் பார்த்த பிறகு நைட்ரஜனை விட்டுவிட்டு வேக்வம் பம்ப் போடுங்கள், குறைந்தது 45 நிமிஷம். வேக்வமில் தண்ணீர் சாதாரண வெயில் சூட்டிலேயே கொதித்து ஆவியாகிப் போய்விடும், அதற்காகத்தான் இவ்வளவு நேரம். அப்புறம் வால்வை மூடி ஒரு மணி நேரம் முள் நகராமல் நிற்கிறதா பாருங்கள். நகர்ந்தால் கேஸ் ஏற்றாதீர்கள், கசிவைத் தேடுங்கள். டின்னில் வரும் கசிவடைக்கும் மருந்து வேண்டவே வேண்டாம், பிறகு எந்தக் கடையும் அந்தக் காரில் தங்கள் மெஷினை மாட்டத் தயங்கும்.

ஆர்-134ஏ சின்ன டின்கள் அமெரிக்காவில் யாரும் வாங்கலாம், காசு வாங்கிக்கொண்டு அடுத்தவர் காருக்குச் செய்வதற்குத்தான் சான்றிதழ் வேண்டும். உங்களுக்குத் தயக்கம் இருந்தால் இந்த ஒரு கட்டத்தை மட்டும் கடையில் செய்துகொள்ளுங்கள், கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. நீங்களே செய்தால் பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை கட்டாயம். எடை மெஷினில் டின்னை வைத்து, கிட்டோடு வந்த தாளில் சொன்ன எடைக்கு மட்டும் ஏற்றுங்கள். முதலில் கம்ப்ரசர் கிளட்ச் முகத்தைக் கையால் பத்துப் பதினைந்து சுற்று சுற்றிவிடுங்கள். எஞ்சின் ஓடும்போது கேஸ் தாழ்ந்த பிரஷர் பக்கம் மட்டுமே போக வேண்டும், டின் நிமிர்ந்து இருக்க வேண்டும். உயர் பிரஷர் வால்வைத் தப்பித்தவறித் திறந்தால் அந்த அழுத்தம் டின்னுக்குள் போய் டின் வெடிக்கும்.

கேஜைப் படிக்க ஒரு எளிய வழி சொல்கிறேன். இந்த கேஸ் கொதிக்கிற சூடு 30 பிஎஸ்ஐயில் சுமார் 2 டிகிரி, 200 பிஎஸ்ஐயில் சுமார் 54 டிகிரி. அதாவது தாழ்ந்த பக்கம் 30 காட்டினால் உள்ளே காயில் உறைநிலைக்குக் கொஞ்சம் மேலே இருக்கிறது. வெளியே 37 டிகிரி இருக்கும் நாளில் உயர்ந்த பக்கம் 200க்குக் கொஞ்சம் முன்பின் காட்டினால் கண்டென்சர் தன் வேலையைச் செய்கிறது. ஐடிலில் 300ஐ நோக்கி ஏறினால் கண்டென்சர் 70 டிகிரியில் வெந்துகொண்டிருக்கிறது, கேஸ் அதிகமா என்று சந்தேகப்படும் முன் ரேடியேட்டர் முன்னால் ஒரு பெரிய ஃபேன் வைத்துப் பாருங்கள், இல்லையென்றால் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். பிரஷர் உடனே இறங்கினால் குறை காற்றோட்டத்தில்தான். என் காரில் முதல் தடவை அதேதான், நான் அது தெரியாமல் இரண்டு தடவை கேஸை மாற்றினேன்.

கிளட்ச் இழுக்கும்போது ஐடில் இறங்கும். ஏசி ஓடும்போது மட்டும் கார்புரேட்டர் லிங்கேஜைக் கொஞ்சம் தள்ளுகிற ஒரு சின்ன சாலினாய்டு மாட்டி, கிளட்ச் ஒயரிலிருந்து கரண்ட் கொடுத்தால் போதும். ஐடிலையே நிரந்தரமாக ஏற்றி வைத்தால் ஏசி இல்லாதபோது கார் முரண்டு பிடிக்கும். முழு ஆக்சிலரேட்டர் மிதிக்கும்போது கிளட்சை விடுவிக்கிற மைக்ரோ சுவிட்சும் போட்டுக்கொள்ளுங்கள், கம்ப்ரசருக்கும் நல்லது, ஓவர்டேக் செய்யும்போது காரும் பழைய மாதிரியே பாயும்.

இப்போது என் காரில் 36 டிகிரி வெயிலில் ஓடும்போது நடு வென்டில் 9 டிகிரி, சிக்னலில் நிற்கும்போது 14 வரை ஏறுகிறது. பின்கண்ணாடிக்கு நிறம் தெரியாத ஹீட் ஃபிலிம் ஒட்டிய பிறகு முதுகும் எரியவில்லை. போட்டு முடித்து 500 மைல் ஓட்டியதும் பிராக்கெட் போல்ட் ஒவ்வொன்றையும் மறுபடி முறுக்கிப் பாருங்கள், புது பெல்ட் தளர்ந்திருக்கும், அதையும் இழுத்துவிடுங்கள். குளிர்காலத்திலும் மாதம் ஒரு தடவை பத்து நிமிஷம் ஏசியை ஓடவிடுங்கள், எண்ணெய் சுற்றினால்தான் கம்ப்ரசர் தண்டின் சீல் காயாமல் இருக்கும்.